பாதம் கேட்கும் நாட்கள்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பந்தலுக்குக் கால் கல்லில்தான். கொடி, குலை, கம்பி எல்லாம் சேர்ந்த சுமையை வரிசையாக நட்ட கல்தூண்கள் தாங்கி நிற்கின்றன. பழைய தூண் ஒன்றைப் பிடுங்கி வேறு நடும்போது பிடி நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூண் சாய்ந்து, பக்கத்தில் நின்றவரின் பாதத்தில் நடுவாக விழுகிறது. ரப்பர் செருப்பு மட்டும் போட்ட கால். ரத்தம் அதிகமில்லை. பத்து நிமிடத்தில் பாதம் வீங்கி, விரல்கள் எல்லாம் ஒன்றாகிவிட்ட மாதிரி தெரிகிறது. கூட வேலை பார்த்தவர், “ஒண்ணுமில்லண்ணே, பிசகியிருக்கும். பத்துப் போட்டா நாலு நாள்ல வத்திரும்” என்கிறார். அடிபட்டவருக்கும் அப்படியே இருந்துவிட்டால் நல்லது என்றுதான் தோன்றும். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செலவாகும்? காப்பீடு என்று ஒன்றும் எடுத்ததில்லையே.

அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கணக்கைப் பணத்திலிருந்து தொடங்கினால் தப்பாகத்தான் முடியும். முதலில் பாதத்தைக் கேட்க வேண்டும். அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் விதமும், அதற்கு எடுக்கும் நாளும் தெரிந்தால்தான் எங்கே காசு போகும், எங்கே போக வேண்டியதில்லை என்பது பிடிபடும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதமும் சேர்ந்தால் 52. உடம்பில் இருக்கும் 206 எலும்புகளில் ஏறக்குறைய கால்பங்கு, தரையைத் தொடும் இந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. இத்தனை துண்டு எதற்கு? பாதம் ஒரே அடியில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. தரையில் இறங்கும்போது மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தளர்ந்து கொடுக்க வேண்டும். அடுத்த நொடியே, உடம்பை முன்னால் தள்ள, கடப்பாரை மாதிரி விறைக்க வேண்டும். தளர்வும் விறைப்பும் ஒரே பொருளில் எப்படி வரும் என்பதை ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1954-ல் விளக்கினார். குதிகாலிலிருந்து விரல்கள் வரைக்கும் உள்ளங்காலுக்குள் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. விரல் மேலே மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல அந்தப் பட்டை விரலடி எலும்புகளைச் சுற்றி இழுபடுகிறது. பட்டை இழுபட்டால் உள்ளங்கால் வளைவு உயர்ந்து, எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம். ஒருவரை நேராக நிற்கச் சொல்லி, அவருடைய கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். பெரும்பாலானோருக்கு உள்ளங்கால் வளைவு கண்ணெதிரே எழும்பும்.

குதிகால் இன்னொரு அதிசயம். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 2 செ.மீ. தடிமனுக்குக் கொழுப்பு மெத்தை. வயிற்றுக் கொழுப்பு மாதிரி அது பிதுங்கி ஓடாது. தேனடைபோலச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் கொழுப்பை அடைத்து மூடியிருக்கிறது. அமுங்கும், அதே இடத்துக்குத் திரும்பும். ஒருநாள் முழுக்கத் தோட்டத்தில் நடப்பவருக்கு இது சில ஆயிரம் தடவை நடக்கிறது. இந்த மெத்தை நசுங்கி அழிந்தால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம்; அறை அறையான அந்த அமைப்பைத் திரும்பச் செய்து வைக்க இன்றைக்கும் வழியில்லை. அடிபட்ட பாதத்தில் தொங்கும் தோலைக் கத்தரித்து எறியாமல், சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் மூடிக் கொண்டுபோவது நல்லது என்பதற்கு இதுதான் காரணம். உள்ளங்கால் தோலில் ஒரு விரற்கடை அகலம் மிச்சப்பட்டாலும் லாபம்.

சரி, தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எலும்பு முறிந்திருக்கிறதா, வெறும் அடியா? கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் இதற்கு ஒரு எளிய விதி வகுத்தார்கள். கால் பிசகி வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துச் செலவு கூடுகிறதே என்ற கவலையில் பிறந்த விதி அது. அடிபட்டவுடனும் மருத்துவர் பார்க்கும்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? நொண்டியானாலும் பரவாயில்லை. கணுக்காலின் இரண்டு பக்கத்து மொட்டி எலும்புகளின் பின் ஓரத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவ எலும்பிலோ, சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனையிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நடக்கவும் முடிந்து, இங்கெல்லாம் வலியும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இதில் ஒன்று தப்பினாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கால் பிசகியவர்களுக்கு வகுத்த விதி இது என்பதை மறக்கக் கூடாது. கல் விழுந்து நசுங்கிய பாதத்தை, நடக்க முடிந்தாலும், மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இந்த விதி உதவாது. அவர்கள் முறிந்த எலும்போடும் நடப்பார்கள்.

சுண்டுவிரல் பக்கத்து அந்த முனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிவர்பூல் நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனம் ஆடும்போது தன் பாதத்திலேயே அந்த எலும்பை முறித்துக்கொண்டார். அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து 1902-ல் எழுதினார். இன்றைக்கும் அந்தப் பகுதி முறிவுக்கு அவர் பெயர்தான். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாமா ஹ்யூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டு எலும்புக் கட்டு வைத்தியர் பரம்பரையில் வந்தவர். முறைப்படி மருத்துவம் படித்துவிட்டு, லிவர்பூல் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். முறிந்த இடத்துக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு நடுவில் கலையக் கூடாது, போதுமான காலம் நீள வேண்டும் என்பது அவர் விடாமல் சொன்ன பாடம். கையில் காசில்லாத கூலிகளின் முறிந்த கால்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது.

நம் ஊர்க் கட்டு வைத்தியருக்கும் இந்த அறிவு பாதி உண்டு. எலும்பை ஆடாமல் வைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். தவறு நடப்பது கட்டின் இறுக்கத்தில். பாதத்தின் தசைகள் நீண்டு கொடுக்காத உறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. நசுங்கிய பாதத்தில் அந்த உறைகளுக்குள் ரத்தமும் நீரும் கோத்துக்கொண்டு அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். பாதம் காற்றடைத்த டயர் மாதிரி கெட்டியாகி, விரலை மெல்ல அசைத்தாலே உயிர் போகிற வலி எடுத்து, விரல்கள் மரக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. உறையைக் கீறி அழுத்தத்தை இறக்கும் அறுவை அப்போது அவசரமாகத் தேவைப்படலாம்.

இன்னொரு அடையாளம், காசு செலவில்லாதது. மறுநாள் காலையில் பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்கள். அடிபட்டது மேல்பக்கமாக இருந்தும், உள்ளங்கால் வளைவில் ரத்தம் கட்டிக் கருநீலமாகத் தெரிந்தால், நடுப்பாதத்து எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் அறுந்திருக்க வாய்ப்பிருக்கிறது. நெப்போலியன் காலத்துப் படை மருத்துவர் லிஸ்ஃபிராங்கின் பெயரால் வழங்கும் காயம் இது. சாதாரண எக்ஸ்ரேயில்கூடக் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியது. பத்துப் போட்டு மூடிவிட்டால் அந்த நீலம் தெரியவே தெரியாது.

எங்கே போவது? எலும்பு வெளியே தெரிகிற காயம் என்றாலும், மண்ணும் எருவும் ஏறிய காயம் என்றாலும், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சின்னமனூர் அரசு மருத்துவமனையிலோ ஏற்பு ஜன்னித் தடுப்பூசியும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டுக்கொள்ள வேண்டும். எலும்பு முறிந்த திறந்த காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்குச் சீழ் பிடிப்பது குறையும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்பது மருத்துவர்களின் இலக்கு. அங்கிருந்து 108 வண்டியில் தேனியைத் தாண்டி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.  கம்பம் பள்ளத்தாக்கில் காப்பீடு இல்லாதவருக்குப் பெரிய காப்பீடு என்று நான் நினைப்பது இந்தக் கட்டடத்தைத்தான்.

‘எனக்கு இன்சூரன்ஸ் இல்லை’ என்று சொல்கிற பலர் உண்மையில் அட்டை எடுக்காதவர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் புதுப் பெயரும் புது வடிவமும் பெற்றது இது. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் அலுவலகத்து மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். அரசு மருத்துவமனையில் பிளேட், ஸ்குரூ வைக்கும் அறுவைக்கும் இந்த அட்டை பயன்படும் என்பது பலருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டமும் இருக்கிறது. அதில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை வேண்டியதில்லை, வருமான வரம்பும் கிடையாது. ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். சின்னமனூர் ரோட்டில் பைக் ஏறி நசுங்கிய பாதம் அதில் வரும். தோட்டத்துக்குள் கல் விழுந்த பாதம் வராது.

இனி எலும்பைப் பார்ப்போம். என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம். தோல் கிழிந்தால் தழும்பு வைத்துத்தான் ஆறும். எலும்பு அப்படி ஆறுவதில்லை. முறிந்த எலும்பு திரும்பவும் எலும்பாகவே ஆகிறது. சில ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தால் முறிந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

முறிந்த உடனே அங்கே ரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. சில நாளில் அதற்குள் புது ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. பிறகு குருத்தெலும்பு வளர்ந்து இரண்டு முனைகளையும் பசைபோலப் பிடிக்கிறது. அடுத்த வாரங்களில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவசர எலும்பாகிறது. கடைசியில் மாதக்கணக்கில், நாம் எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் வைக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி, தேவையில்லாத இடத்தில் கரைந்தும் தேவையான இடத்தில் கூடியும் எலும்பு தன்னைச் செதுக்கிக்கொள்கிறது.

முதலிலேயே நேராகக் கெட்டியான எலும்பை வைத்தால் என்ன? வைக்க முடியாது. எலும்புத் திசு தன் நீளத்தில் 2 சதவீதம் இழுபட்டாலே உடைந்துவிடும். குருத்தெலும்பு 10 சதவீதம் வரைக்கும் தாங்கும். முதலில் வளரும் மென்மையான திசுவோ இரண்டு மடங்காக நீண்டாலும் அறாது. முறிந்த முனைகள் ஆடிக்கொண்டிருக்கும் நாட்களில் உடம்பு அந்த மென்மையானதைப் போடுகிறது. ஆட்டம் குறையக் குறைய அடுத்த கெட்டிப் பொருளைக் கொண்டுவருகிறது. கான்கிரீட் போட்ட வீட்டில் சென்ட்ரிங் பலகையை நாள் பார்த்துப் பிரிக்கிற கொத்தனார் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்தக் கொத்தனார் கூலி கேட்பதில்லை. பாதத்தின் பெரிய எலும்புகளுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் தந்தால் போதும்.

எல்லா எலும்பும் ஒரே வேகத்தில் ஆறாது. கணுக்காலுக்குள் உட்கார்ந்திருக்கும் மூட்டெலும்பில் ஒரு தசைகூட ஒட்டவில்லை. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ரத்தம் உள்ளே போகச் சில வாசல்கள்தான் மிச்சம். கழுத்துப் பகுதியில் அது முறிந்து நகர்ந்தால் ரத்தம் நின்று எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நிக்கோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் எந்த எலும்பும் தாமதமாகத்தான் கூடும். தென்னை மரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். குதிகால் வலியில் முதுகு வலி மறைந்துபோகாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆக, உடம்பு இலவசமாக வேலை செய்கிறது. அரசு மருத்துவமனை பெரும்பாலும் இலவசமாகக் கட்டுகிறது. அப்படியானால் குடும்பங்கள் கடனில் விழுவது எதனால்?

நாட்களால். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் பன்னிரண்டு வாரம் என்பது 72 நாள் கூலி. ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற மனைவியின் கூலியும் சேர்ந்து போகும். வழக்கமான எந்த மருத்துவக் காப்பீடும், அரசுடையதோ தனியாருடையதோ, மருத்துவமனைப் பில்லைக் கட்டுமே தவிர இந்தக் கூலியைத் தராது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் பதிவான ஒரு நூற்பாலைத் தொழிலாளிக்கு வேலையில் கால் முறிந்தால், ஆறும் வரைக்கும் சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் வரும். 1948-ல் இயற்றிய சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. திராட்சைத் தோட்டத்துக் கூலிக்கு அந்த வழி இல்லை. சுயஉதவிக் குழுத் தவணையும் மைக்ரோ பைனான்ஸ் தவணையும் மாவுக்கட்டைப் பார்த்து நிற்பதில்லை. நாலாவது வாரத்தில் வலி குறைந்ததும், ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மனிதர் வேலைக்குக் கிளம்புவது இதனால்தான்.

அந்த வலி மாத்திரையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் ஏன் அழுகுகிறது என்பது அப்போது பெரிய புதிர். நோயே சதையைத் தின்கிறது என்றுதான் நம்பினார்கள். பிராண்ட் பார்த்துக் கண்டுபிடித்தது வேறு. அவர்களுடைய சதையும் மற்றவர்களைப் போலத்தான் ஆறுகிறது. வலி நரம்பு செத்துப்போனதால் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். நமக்குக் கல் குத்தினால் நொண்டுகிறோம். அந்த நொண்டலில் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. அவர்களுக்கு நொண்டத் தெரியவில்லை. நாலாவது வாரத்தில் மாத்திரை விழுங்கிவிட்டுக் கல்தூண் தூக்கப் போகிறவர், அந்த நோயாளிகளிடமிருந்து நோய் பறித்ததைத் தன்னிடமிருந்து தானே பறித்துக்கொள்கிறார். பாதி கெட்டிப்பட்ட எலும்பு நகர்ந்துவிட்டால் அடுத்து அறுவை. 72 நாள் 150 நாளாகும்.

அதே தொழுநோயாளிகளிடமிருந்து ஒரு தீர்வும் வந்தது. 1930-களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும், ஆறாத பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நோயாளியை நடக்கவிட்டார்கள். மாதக்கணக்கில் படுக்கை கொடுக்க இடமும் இல்லை, படுத்திருக்க அவர்களுக்கு வசதியும் இல்லை. கட்டு உள்ளங்கால் முழுவதையும் ஒட்டிப் படிந்திருந்ததால் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவியது. நடந்தபடியே புண் ஆறியது. பிராண்ட் இதை 1960-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு, கழற்ற முடியாத இந்த வகைக் கட்டைத்தான் உலக வழிகாட்டிகள் முதலில் சிபாரிசு செய்கின்றன. காசில்லாதவர்களின் காலுக்காகத் தெற்கே தொடங்கியது, மேற்கே போய்த் தரமான மருத்துவமாயிற்று.

எலும்பு முறிவுக்கு அப்படியே நடக்கவிட முடியாது. மருத்துவர் சொல்லும் வரைக்கும் அடிபட்ட கால் தரையில் படக் கூடாது. ஆனால் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கையை வேலைக்கு அனுப்பலாம். அறுவடை நாட்களில் கெட்ட பழத்தைக் கிள்ளி எடுத்து, குலையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது உட்கார்ந்த இடத்து வேலை. முதல் வாரங்களின் வீக்கம் வடிந்தபின், எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை மடித்துக் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு அதைச் செய்யலாம். மணிக்கு ஒருதரம் விரல்களை அசைத்துக்கொள்ள வேண்டும். கூலி குறைவாகத்தான் வரும். என்றாலும் தவணை நாளில் மாத்திரையைத் தேட வேண்டியிருக்காது. இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. தோட்டக்காரர் தானாக முன்வந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

மாவுக்கட்டுப் போடும்போது ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். ஈரமாகக் குளிர்ந்து இருக்கும் கட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் தானாகவே சுடத் தொடங்கும். மாவாக இருந்த ஜிப்சம், எடுத்துக்கொண்ட தண்ணீரோடு சேர்ந்து மறுபடியும் கல்லாகும்போது வெளியிடும் வெப்பம் அது. மாத்தைசென் என்ற டச்சுப் படை மருத்துவர் 1850-களின் தொடக்கத்தில் இதைத் துணியில் தடவிக் கட்டாக்கினார். கல் விழுந்து உடைந்த பாதத்தை இன்னொரு கல் பிடித்துவைக்கிறது.

கட்டுப் பிரித்த அன்றைக்குக் கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருக்கும். பாரத்தை ஒரேயடியாக வைக்கக் கூடாது. இந்த வாரம் 10 கிலோ, அடுத்த வாரம் 20 கிலோ என்று மருத்துவர் படிப்படியாகச் சொல்வார். 10 கிலோ என்றால் காலுக்கு எப்படித் தெரியும்? நகரத்து மருத்துவமனையில் குளியலறை எடைக் கருவியில் பாதத்தை வைத்துப் பழக்குவார்கள். ஓடைப்பட்டியில் அதற்கு அலைய வேண்டாம். திராட்சைப் பெட்டி நிறுக்கிற தராசு தோட்டத்திலேயே இருக்கிறது. அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு, நல்ல கால் தரையில் இருக்க, அடிபட்ட பாதத்தை மட்டும் தட்டில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். நாலு, ஏழு, ஒன்பது. பத்து வந்ததும் அந்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நினைவில் வாங்கிக்கொண்டு, காலை எடுத்துவிட வேண்டும்.